நிலத்தின் பண்ணும் நிறத்தின் வேலியும்

இசையை நிலத்தோடு இயைத்துக் கண்டது தமிழ் மரபு. திணைகளுக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியர் தெய்வம், உணவு, பறை ஆகியவற்றோடு யாழையும் சேர்த்து எண்ணினார். நிலத்தின் பண், அந்நிலத்தில் வாழ்வார் அனைவர்க்கும் உரியது என்பது இதனாற் பெறப்படும். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், அமெரிக்காவின் ‘கண்ட்ரி’ இசையுலகில் லிண்டா மார்ட்டெல் என்னும் பாடகியார்க்கு நேர்ந்தது எத்துணைப் பெரிய பிழை என்பது விளங்கும்.

கண்ட்ரி இசை அந்நாட்டுத் தென்பகுதி உழவரும் மலைவாழ் மக்களும் வளர்த்த இசை. அதன் சிறப்புக் கருவிகளுள் ஒன்றான பாஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் வழியாக வந்தது. ஆயினும், 1920-களில் இசைத்தட்டு வாணிகம் பெருகியபோது, ஒரே மண்ணின் இசை வெள்ளையர்க்கு ஒரு வரிசை, கறுப்பினத்தார்க்கு ஒரு வரிசை எனப் பிரித்து விற்கப்பட்டது. வாணிகர் இட்ட வேலியே நாளடைவில் இசையின் எல்லையெனக் கருதப்படலாயிற்று.

லிண்டா 1941-இல் தென் கரோலினா மாநிலத்து லீஸ்வில்லில் பிறந்தார். தேவாலயத்திற் பாடிப் பழகினார். 1969-இல் அவர் பாடி வெளிவந்த ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்னும் பாடல், பில்போர்டு இதழின் கண்ட்ரி வரிசையில் 22-ஆம் இடத்தை எட்டியது. அவ்வாண்டிலேயே நாஷ்வில் நகரின் புகழ்மிக்க கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதல் கறுப்பினப் பெண்மணி என்னும் சிறப்பையும் பெற்றார். 1970-இல் ‘கலர் மீ கண்ட்ரி’ என்னும் இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. அதுவே அவருடைய முதல் தொகுப்பு. இறுதித் தொகுப்பும் அதுவே.

அத்தொகுப்பிலுள்ள பாடல்கள் பதினொன்று. எல்லாம் ஒரு தரத்தன அல்ல. பெரும்பாலானவை காதற் பிரிவையே பேசுவன. பாடுபவரின் சொந்த வாழ்வு அவற்றில் ஒலிக்கவில்லை. இக்குறையை மறைத்தல் திறனாய்வாகாது. எனினும், போரில் தந்தையை இழந்த குழந்தை, தன்னை வளர்க்க வந்தவனையே தந்தையெனப் போற்றும் ‘கலர் ஹிம் ஃபாதர்’ பாடலில், அழுகையைப் பெருக்காமல் அன்பை மட்டும் நிறுத்திப் பாடுகிறார். ‘பேட் கேஸ் ஆஃப் தி புளூஸ்’ பாடலிலோ, ‘யோடல்’ என்னும் குரற்புரட்டலை இயல்பாக எழுப்புகிறார். கண்ட்ரி இசையின் நுட்பம் இவர்க்குக் கைவந்தது என்பதற்கு இவ்விரண்டுமே சான்று.

அவர் பாடல்களை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ‘பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்’. பிளான்டேஷன் என்றால் தோட்டம். கறுப்பின மக்களின் செவிக்கு அச்சொல் பருத்திக் காட்டையும் அடிமைத்தளையையும் நினைவூட்டுவது. தோட்டப்புறத் தமிழர்க்கு அதன் சுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அப்பெயரைத் தாம் மறுத்துரைத்ததாகவும், பாடும்போதே அவையினர் சிலர் இழிசொல் எறிந்ததாகவும், தம்மை ஒதுக்கி வேறொரு பாடகிக்கே நிறுவனம் ஆக்கம் தந்ததாகவும் 2020-இல் அளித்த நேர்காணலில் அவர் கூறினார். சில ஆண்டுகளிலேயே கண்ட்ரி மேடை அவர்க்கு அடைபட்டது. பின்னாளில் சொந்த மாநிலம் திரும்பிப் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அப்பேருந்தில் ஏறிய பிள்ளைகளுள் எத்தனை பேர் அவரை அறிந்திருப்பர்?

2024-இல் பியான்சே தம் ‘கௌபாய் கார்ட்டர்’ தொகுப்பில் லிண்டாவின் குரலைப் பேச்சாக இடம்பெறச் செய்தார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. அரை நூற்றாண்டு கழித்து வந்த புகழ் இனியதே. ஆயினும், இடையில் பாடப்படாது போன பாடல்களை அது மீட்டுத் தாராது. திறமை இல்லாதார் மறைந்தால் இசைக்கு இழப்பில்லை. திறமை உடையாரை நிறங்கண்டு விலக்கின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று. அந்நிலத்தின் பண்ணுக்கும் உண்டு.