ஒன்றுக்கு எட்டும் ஒன்றுக்குப் பத்தும்

பொறியியல் வகுப்புகளில் கரண்ட் மிரர் என வழங்கும் மின்னோட்டக் கண்ணாடி, ஒரு கிளையில் பாயும் மின்னோட்டத்தை மூலமாகக் கொண்டு மற்றொரு கிளையில் அதன் படியை எடுக்கும் சுற்றாகும். அந்தப் படி மூலத்தைப் போல் எத்தனை மடங்கு என்பதே அதன் விகிதம். ஒற்றை டிரான்சிஸ்டரின் அகலத்தை நீட்டாமல், ஒரே அளவுள்ள அலகு டிரான்சிஸ்டர்களை முழு எண்ணிக்கையில் இணையாக வைத்து விகிதத்தைப் பெறும் வழக்கத்தில் குறை காண இடமில்லை, ஏனெனில் சில்லைச் செதுக்குகையில் விளிம்புகளில் நேரும் மிகையும் குறையும் எல்லா அலகுகளையும் ஒருசேரத் தாக்குவதால் விகிதம் குலைவதில்லை. வாலாஜாபேட்டையை அடுத்த ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் காலணித் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. சோடியின் இரு மேல்துண்டுகளையும் ஒரே தோலில் அடுத்தடுத்து வெட்டினால்தான் நிறமும் மேற்பரப்பும் ஒத்துவரும் என்பது அங்குள்ள பாலபாடம்.

மூலக் கிளையில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1:10 என விகிதத்தை உயர்த்தும் பழக்கம்தான் ஐயத்துக்குரியது. மூல டிரான்சிஸ்டரின் வெப்ப இரைச்சல் மின்னோட்டமும் பத்து மடங்காகப் படியெடுக்கப்படுவதால் அதன் இரைச்சல் திறன் நூறு பங்காகிறது. வெளிக்கிளையின் பத்து அலகுகள் சேர்ப்பதோ பத்துப் பங்கே. மொத்தம் 110 பங்கு. அதே வெளியீட்டை 10:10 என அமைத்தால் 20 பங்கோடு முடிந்துவிடும். அலகுக்கு அலகு தற்செயலாக நேரும் பொருத்தப் பிழையின் கணக்கும் இதுவே: பரப்பு கூடக் கூட அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் பிழை குறையும் என 1989இல் பெல்க்ரோமும் உடனாய்வாளர்களும் காட்டியபடி, பத்து அலகுகளின் பிழைகள் தமக்குள் சராசரியாகிச் சுருங்க, தனித்து நிற்கும் மூல அலகின் பிழைக்கு ஈடுசெய்யத் துணையில்லை. கேட் முனையில் மின்தேக்கியைச் சேர்த்து இரைச்சலை வடிகட்டலாம். பொருத்தப் பிழையை வடிகட்ட வழியில்லை.

பெரிய விகிதம் எங்கும் வீண் என்று இதனால் ஆகிவிடாது. வெப்பநிலைக்கு அசையாத மின்னழுத்தம் தரும் பேண்ட்கேப் சுற்றில் இருமுனைச் சந்தி டிரான்சிஸ்டர்களை 1:8 என வைப்பது பெருவழக்கு. மூன்றுக்கு மூன்று கட்டத்தில் நடுவே ஒன்றும் சுற்றி எட்டும் அமர்வதால், சில்லின் குறுக்கே சீராக மாறும் வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. அறை வெப்பநிலையில் அவ்விகிதம் இரு தரப்பின் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தங்களிடையே ஏறத்தாழ 54 மில்லிவோல்ட் வேறுபாட்டைத் தருகிறது. இவ்வேறுபாடு விகிதத்தின் மடக்கையைப் பின்பற்றுவதால், ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் 1:24 என விரித்து 25 இடங்களைச் செலவிட்டாலும் கிடைப்பது 82 மில்லிவோல்ட்தான்.