சும்மா இருத்தலும் சோம்பியிருத்தலும்

ஆங்கில மொழியில் தொழிலின்மையைக் குறிக்கும் பண்புச்சொற்கள் ஒரு பெருங்கூட்டமாக உள்ளன. ஐடில், லேஸி, இன்டலென்ட், இனெர்ட், பாஸிவ், டார்மன்ட், லெதார்ஜிக் என்பன அவற்றுட் சில. இவை யாவற்றையும் ‘சோம்பிய’ என்னும் ஒரு சொல்லாற் பெயர்த்துவிடும் வழக்கம் தமிழில் உண்டு. அவ்வாறே மடி, சோம்பு, வாளா, சும்மா, செயலறுதி என்னும் நம் சொற்களை அவற்றுள் கைக்கு எட்டிய ஒன்றாற் பெயர்த்து அமைவதும் உண்டு. கதை நூல்களில் இஃது ஒரு சிறு குறையாய்க் கழியும். சித்தாந்த நூல்களிலோ, ஒரு சொல் பிறழ முத்திநிலையே பிறழ்ந்து தோன்றும். ஆதலின் இச்சொற்களின் எல்லையை வரையறுத்தல் வேண்டற்பாலது.

‘ஐடில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் வெறுமை, பயனின்மை என்னும் பொருளது. அது தன்னளவிற் குற்றம் சாட்டுவதன்று. ஓடாது நிற்கும் பொறிக்கும் பொருந்தும். ‘லேஸி’ என்பதோ செய்யவல்லான் ஒருவன் செய்ய விரும்பாமையைச் சுட்டிப் பழிப்பது. இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சி வட்டத்து நெசவாளர், நூல் வாராத நாளில், “தறி சும்மா நிற்கிறது” என்பர்; ‘தறி சோம்பி நிற்கிறது’ என்னார். சும்மா என்பது வெறுமையையும், காரணமின்மையையும், பேசாமையையும், விலையின்மையையும் ஒருங்கு தாங்கி நிற்கும் சொல். அதனுட் பழி இல்லை.

அவ்வட்டத்துத் தறியே வேறோர் உண்மையும் காட்டும். கோர்வைப் பட்டுச்சேலை நெய்யுங்கால் உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரண்டு நாடாவுமாக மூன்று ஓடும். ஒரு கரையின் நாடாவை வாங்கிவிடத் துணையாள் ஒருவர் தறியருகே அமர்ந்திருப்பார். தம் முறை வருமளவும் அவர் கை அசைவதில்லை. கண்ணோ இழையினின்று அகல்வதில்லை. அவ்விருப்பை ‘ஐடில்’ எனினும் பிழை, ‘லேஸி’ எனினும் பிழை.

‘இன்டலென்ட்’ என்பதன் இலத்தீன் மூலம் நோவின்மை. இன்றும் மருத்துவர் நோவு தாராது மெல்ல வளரும் கட்டியை அச்சொல்லாற் குறிப்பர். வருத்தத்திற்கு அஞ்சி இன்பத்திற் படுத்துக்கிடத்தல் அதன் வழக்குப் பொருள். ‘இனெர்ட்’ என்பது திறனின்மை என்னும் மூலத்தினின்று வந்து, தானே இயங்கமாட்டாச் சடப்பொருட்கு உரியதாயிற்று. ‘டார்மன்ட்’ உறக்கத்தினின்று பிறந்தது. வித்தினுள் முளை இருத்தல் போல, ஆற்றல் அடங்கிக்கிடத்தலைக் கூறும். இவற்றுள் மிகச் சுவையுடையது ‘லெதார்ஜிக்’ என்பது. கிரேக்க மொழியில் மறதி என்னும் சொல்லும் தொழிலின்மை என்னும் சொல்லும் கூடி அஃது ஆயிற்று. திருவள்ளுவனார் மடியின்மை அதிகாரத்தில், கெடுவார் விரும்பி ஏறும் மரக்கலமாக நான்கினை எண்ணினார்: காலம் நீட்டித்தல், மறவி, மடி, துயில். அவற்றுள் மறவியும் மடியும் கிரேக்கர் வாயில் ஒரு சொல்லாயின. தொடர்பில்லா இரு நாட்டார் ஒரே நோயை ஒருபடியே கண்டமை வியத்தற்குரியது.

போப்பையர் 1886-இல் வெளியிட்ட குறள் மொழிபெயர்ப்பில் அவ்வதிகாரத்திற்கு ‘அன்ஸ்லக்கிஷ்னஸ்’ எனத் தலைப்பிட்டார். ஆங்கிலச் செவிக்கு அஃது இனிய சொல்லன்று. எனினும் வள்ளுவர் எதிர்மறையாற் கூறியதை எதிர்மறையாகவே நிறுத்திய நேர்மை பாராட்டற்குரியது. குறை யாதெனின், ‘ஸ்லக்கிஷ்’ என்பது மந்தநடையையே முதற்கண் நினைப்பூட்டும். மந்தநடை ஆசிரியர் தனியே எண்ணிய காலநீட்டிப்பின்பாற் படும். மடியோ ஊக்கம் தன் இடத்திலேயே அவிதல். விளக்கின் சுடர் தானே மாய்வது போன்ற அதனைச் சுட்ட ‘ஸ்லாத்’ என்னும் சொல் இன்னும் அணுக்கமானது. கிறித்துவத் துறவியர் அச்சொல்லால் வழங்கிய பெருங்குற்றமும் வெறும் உடற்சோம்பன்று. கிரேக்க மூலத்தில் அது பேணாமை எனப்படும். இறைவன்பால் உள்ளம் கவலையற்றுப் போதலே அது.

இனிச் சித்தாந்தத்திற்கு வருவாம். கேவல நிலையில் உயிர் ஆணவத்தால் மறைப்புண்டு, கலை முதலிய கருவிகளொடு கூடாது, அறிவு இச்சை செயல் மூன்றும் விளங்காது கிடக்கும். இதனை ‘இனெர்ட்’ எனப் பெயர்த்தால் உயிர் மாயைபோற் சடமாய் முடியும். உயிர்க்கு ஆற்றல் இன்றாகவில்லை, மறைந்துளது. அங்ஙனமாயின் ‘டார்மன்ட்’ அமையுமோ எனின், ஓரளவே அமையும். உறங்குவான் காலம் வரத் தானே விழிப்பான். கேவலத்துக் கிடக்கும் உயிரோ தானே விழிக்கவல்லதன்று. இருளிற் பட்ட கண் ஒளியை வேண்டுமாறு அது திருவருளை வேண்டும். ஆகவே அவ்விடத்து ஒரு சொல்லால் அமையாது அடைமொழியும் சேர்த்துரைத்தலே தக்கது.

இடர் மிகுவது சுத்த நிலையிலாம். சாக்கிரம் முதல் துரியாதீதம் ஈறாகிய ஐந்து அவத்தைப் பெயர்களும் கீழாலவத்தைக்கும் உண்டு, நின்மலாவத்தைக்கும் உண்டு. கீழ்த் துரியாதீதத்தில் உயிர் கருவிகளை எல்லாம் இழந்து மூலாதாரத்தில் இருளோடு கிடக்கும். மேல் துரியாதீதத்தில் கருவிகளை எல்லாம் கடந்து அருளோடு நிற்கும். இரண்டிடத்தும் புறத்தே தோன்றுவது செயலின்மை ஒன்றே. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று; பொருளோ இருளும் ஒளியும்போல் வேறு. நம் ஆசிரியர் அவத்தை வகையைச் சுட்டி ஐயம் நீக்கினர். ஆங்கிலத்தில் எழுதுவார் ‘இன்ஆக்டிவ்’ என்று ஒரு சொல் இட்டு நிறுத்துவரேல், படிப்பான் இரண்டனையும் ஒன்றெனவே கொள்வான்.

‘பாஸிவ்’ என்னும் சொல்லும் இங்கு அச்சம் தருவதே. பிறிதொன்றின் தொழிலுக்கு ஆட்பட்டுக் கிடத்தல் அதன் பொருள். முத்தியில் உயிர் சிவத்தின் தொழிலுக்குட்பட்டு நிற்கும் என்பது மெய்யே. ஆயினும் ஆண்டு அது பேரின்பத்தை நுகர்வது. நுகர்ச்சி அறிவுடையதற்கே கூடும். நுகர்ச்சியை ஒழித்து ஆட்பாட்டை மட்டும் கூறின், முத்தியில் உயிர் கல்போற் கிடக்கும் என்ற பாடாணவாதி கூற்றாய் முடியும். உமாபதிசிவனார் 1313-இல் அருளிய சங்கற்ப நிராகரணத்தில் மறுத்தொதுக்கிய கூற்று, ஏழு நூற்றாண்டு கழிந்தபின் ஓர் ஆங்கிலப் பண்புச்சொல்லின் மறைவில் மீண்டும் உட்புகுதல் தகாது. மேனாட்டிலும் இவ்வழக்கு எழுந்ததுண்டு. முயற்சி முற்றும் ஒழிந்த உள்ளமைதியே போதும் என்ற மொலீனோஸ் என்பாரின் கொள்கையை உரோமைத் திருச்சபை 1687-இல் விலக்கியது. ஆங்கிலமறிந்தார் நம் ‘சும்மா’வைக் கேட்டவுடன் அக்கொள்கையையே நினைப்பர். அருணகிரிநாதர் கந்தரனுபூதியிலும் தாயுமானவர் தம் பாடல்களிலும் போற்றிய நிலை அதுவன்று.

வேற்றுமொழியாளர் மட்டுமோ இம்மயக்கம் உடையர்? பூசையும் தொண்டும் கைவிட்டார் சிலர், வினவினால், ‘சும்மா இருப்பதே பெரிது’ எனக் காட்டுவர். சிவஞானபோதத்துப் பத்தாம் நூற்பா இறைபணி நிற்றலைக் கூறுகின்றது. அற்றுப்போக வேண்டுவது யான் செய்தேன் என்னும் முனைப்பு, பணி அன்று.

இதற்கு மாகறல் ஒரு நற்சான்று. சேயாற்றங்கரையில், தொண்டைநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் முப்பத்திரண்டனுள் ஏழாவதாக எண்ணப்படும் அத்தலத்துக்கு ஆளுடையபிள்ளையார் அருளிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அடியடைந்தார் வினை நீங்குதலை அப்பதிகம் பாடுகின்றது. ஆயின் அதன் முதற்பாட்டிற் காண்பது ஓய்ந்த ஊரன்று. விளைவயலில் உழத்தியர் பாடியும் ஆடியும் எழுப்பும் ஆரவாரம். வினை தீரும் ஊரில் வேலை ஓயவில்லை. ‘வினை’ என்னும் ஒரு சொல் தொழிலையும் கன்மத்தையும் குறித்தலின், ஒன்று தீர மற்றதும் தீரும் என மயங்குவார்க்கு அவ்வயலின் ஓசையே விடையாகும். அங்கு எழுந்தருளிய பெருமான் உடும்பின் வால் போன்ற திருவுருவினர் என்பதும், அரசனொருவன் துரத்திய பொன்னுடும்பு புற்றிற் புகுந்து இறைவனாய் வெளிப்பட்டது என்பதும் தலவழக்கு. உடும்பு பற்றியபின் அசையாது. அவ்வசைவின்மையைச் சோம்பல் என்பார் யாருமிலர். உடும்புப்பிடி என்றே உலகம் வழங்கும்.

சும்மா இருத்தலைப் பெயர்க்க ஆங்கிலத்திற் பொருத்தமான சொல் ஒன்று உண்டெனின் அது ‘ஸ்டில்’ என்பதே. அசையாமை, ஓசையின்மை, இன்னும் தொடர்ந்து நிற்றல் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். ஆயினும் அதனாலும் எட்டவியலாத இடம் ஒன்றுண்டு. அப்பரடிகள் ஐந்தாந் திருமுறையில், கடம்பூர்த் திருக்கரக்கோயிற் பதிகத்தில், தம் கடனை உரைக்குங்கால் பணிசெய்தலையும் கிடத்தலையும் ஒரு தொடரில் இணைத்தார். உழவாரம் தாங்கிய கையினர் அவர். அக்‘கிடத்தல்’ என்பதனை ஆங்கிலமாக்குவார், துணைவினைதானே எனக் கருதி விடுத்துச் சென்றால், பணி மட்டும் நிற்கும். பணியினுள் தன்முனைப்பின்றி அடங்கிய அடியார் அத்தொடரினின்று மறைந்துவிடுவார்.