மாட்டுங்கா: பேரத்தில் விடுபட்ட தெரு

1896இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசல் வீடுகளே நோய்க்கு விளைநிலம் என்று முடிவுகட்டிய அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. அது வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் உருவான பகுதியில்தான் 1930, 40களில் தமிழ்க் குடும்பங்கள் திரளாகக் குடியேறின.

மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி மிஞ்சியிருக்கும் ஆர்ட் டெக்கோ வீடுகளுக்குத் தனி முகம் உண்டு. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மூன்று மாடி. தெருமுனையில் வளைந்து திரும்பும் பால்கனி. சன்னல்களுக்கு மேல் கோடிழுத்தாற்போல் ஓடும் சன்ஷேடு. கழிவறை உள்ளேயே அமைந்த ஃபிளாட், சால் எனப்படும் நெரிசல் குடியிருப்புகளில் பொதுக் கழிவறைக்கு வரிசை நின்றவர்களின் நகரத்துக்குப் புதுசு.

இவைதாம் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிக் கோபுரங்களாகின்றன. இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் வாடகையை 1940இன் அளவிலேயே கட்டிப்போட்டது. அந்தத் தொகையில் பழுதுபார்க்க உரிமையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை. கடற்காற்றில் கம்பி துருவேறிக் காரை பெயர்ந்தது. மறுகட்டுமானத்தில் குடியிருப்பவருக்குக் கைக்காசு செலவில்லாமல் புது வீடு கிடைக்கிறது. முழங்கால் வலியோடு படியேறும் முதியவருக்கு லிஃப்ட் கிடைக்கிறது. அவரிடம் போய் பால்கனியின் வளைவழகைப் பேசுவது நியாயமில்லை.

கோளாறு, குடியிருப்பவருக்கும் பில்டருக்கும் இடையே பேரம் நடக்கும் முறையில் இருக்கிறது. பழைய குடித்தனக்காரர்களின் வீடுகளுக்கான செலவை, கூடுதல் தளங்களை விற்றே பில்டர் ஈடுகட்டுகிறார். ஆகவே உயரம் கூடியே தீரும். கீழ்த்தளங்களைக் கார் நிறுத்தம் விழுங்க, தெருவோடு பேச்சு வைத்திருந்த பால்கனி எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது. டிரஸ்ட் வகுத்ததன் சாரமே மனைகளுக்கிடையே விட்ட வெளியும் ஒத்த உயரமும்தான். அவை யாருடைய பங்கிலும் வராததால், அவற்றுக்காகப் பேரம் பேச ஆளில்லை.

பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காப்பதும் முழு மருந்தல்ல. ஒரு முகப்பைக் காப்பாற்றிவிட்டு அடுத்த மனையில் கோபுரத்தை எழுப்பவிட்டால் வெளிச்சம் தப்புவதில்லை. பழுதுச்செலவு யார் தலையில் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது.

தெருவையே ஓர் அலகாகக் கொண்டு உயரத்துக்கும் இடைவெளிக்கும் வரம்பு கட்டுவதே சரி. பாரம்பரியக் கட்டடங்கள் தம் கட்டுமான உரிமையை வேறிடத்துக்கு விற்க மும்பையில் ஏற்கெனவே வழி இருக்கிறது. அதைத் தெரு முழுவதற்கும் விரித்து, வரும் பணத்தில் லிஃப்டும் பழுதுபார்ப்பும் செய்யலாம். குடியிருப்பவருக்குப் பலன் தராத எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது.