யார் பக்கம் சிரிப்பு? வேங்கடத்து ஊடலும் திரையின் இரட்டை வாழ்க்கையும்

வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய அத்யயன உற்சவ நாட்களில் திருமலையில் பிரணய கலகோற்சவம் நடக்கிறது. உற்சவரான மலையப்ப சுவாமி ஒரு பக்கமும், ஸ்ரீதேவியும் பூதேவியும் இன்னொரு பக்கமுமாக மாட வீதியில் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டு, வராகசுவாமி கோயிலருகே சந்திக்கிறார்கள். சொல்லாமல் வெளியே போய்வந்தவர் மீது தாயார் தரப்பிலிருந்து பூப்பந்துகள் பறக்கின்றன. அவர் பின்வாங்குகிறார், மறுபடி நெருங்குகிறார், மறுபடி பந்து விழுகிறது. நம்மாழ்வாரின் பாசுரங்கள் ஓதப்பட்டு, தாயார் மனமிறங்கிய பிறகுதான் எல்லோரும் சேர்ந்து கோயிலுக்குள் போகிறார்கள்.

தடம் மாறிய கணவன், கேள்வி கேட்கும் மனைவி, நடுவே தூது, முடிவில் சமாதானம். வசதியான நகரத் தம்பதிகளை வைத்து எடுக்கப்படும் காதல் நகைச்சுவைப் படங்களுக்கும் இதுவே அடித்தளம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய மரபில் கூர்மையான வசனம் ஏமாற்றப்பட்டவளுக்குரியது. திரையில் அது ஏமாற்றுபவனின் கைக்குப் போய்விட்டது. இந்த இடமாற்றத்தைத் தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருதத்துச் செல்வர் வீடு

தொல்காப்பியப் பாயிரம் வடவேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சொல்கிறது. அந்த எல்லைக்குள் பிறந்த மருதத் திணை, நெல் விளைந்து செல்வம் கொழித்த ஊர்களின் இலக்கியம். அங்கே தலைவனுக்குப் பணமும் ஓய்வும் இருக்கின்றன. பரத்தை வீட்டுக்குப் போகிறான். ஓரம்போகியார் ஐங்குறுநூற்றில் நூறு பாட்டும், மருதன் இளநாகனார் கலித்தொகையில் முப்பத்தைந்து பாட்டும் இந்த வாழ்க்கைக்கே ஒதுக்கினார்கள்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் பரத்தையையே பேச வைக்கிறார். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுகிறவன், தன் வீட்டில் மகனின் தாய் சொன்னபடியெல்லாம் கண்ணாடிப் பிம்பம் போல ஆடுகிறான் என்கிறாள். ஒரே வீச்சில் அவன் வேடம் இரண்டு வீட்டிலும் கலைகிறது. திருக்குறளின் புலவி நுணுக்கம் இன்னும் நுட்பமானது. கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள். உடனே, யார் நினைத்துத் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த முறை தும்மலை அடக்குகிறான். உம்மவர் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். அவனுக்குத் தப்ப வழியே இல்லை. நகைச்சுவை முழுக்க அவளுடைய கேள்வியிலிருந்து பிறக்கிறது.

மகிழமரத்தடிச் சத்தியம்

பிரியமாட்டேன் என்ற வாக்குறுதியை வைத்துச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அமைத்த கதைக்கு ஈடு சொல்வது கடினம். திருவாரூரில் மனைவி பரவை இருக்க, திருக்காளத்தியை வணங்கித் திருவொற்றியூர் வந்த சுந்தரர் சங்கிலியை மணக்க விரும்புகிறார். உன்னைப் பிரியேன் என்று சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டும். அந்த நேரம் இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்துக்குப் போய்விட்டால் சத்தியம் கட்டாது என்று கணக்குப் போட்டு, இறைவனிடமே ஏற்பாடும் செய்கிறார். இறைவனோ மரத்தடியிலேயே சத்தியம் கேட்கும்படி சங்கிலிக்குச் சொல்லிவிடுகிறார். வாக்கை மீறி ஊர் எல்லையைக் கடந்ததும் சுந்தரரின் கண்பார்வை போகிறது. திருவாரூரில் பரவை அவரை ஏற்க மறுக்க, சிவபெருமானே ஒரே இரவில் இருமுறை தூது நடக்கிறார். மனைவியின் கோபத்துக்கு முன் தெய்வமே வீதியில் அலைவதாக எழுதச் சேக்கிழார் தயங்கவில்லை.

மலையும் அடிவாரமும்

திருப்பதியில் ஊரின் அமைப்பே ஊடலுக்கு இடம் தருகிறது. கணவர் மலைமேல்; அலர்மேல்மங்கைத் தாயார் கீழே திருச்சானூரில். அவர் தினமும் இரவில் இறங்கி வருவதாகவும், அதனால்தான் பாதரட்சைகள் தேய்வதாகவும் அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். கார்த்திகை பிரம்மோற்சவத்தின் பஞ்சமி தீர்த்தத்துக்கு மலையிலிருந்து பட்டும் மஞ்சளும் சீராக வருகின்றன.

இந்த இடைவெளியைப் பாட்டாக்கியவர் தாள்ளபாக்க அன்னமய்யா (1408–1503). 32,000 சங்கீர்த்தனங்கள் பாடியதாக மரபு சொல்கிறது. செப்பேடுகளில் கிடைத்தவற்றில் ஆன்மிகப் பாடல்களைவிடச் சிருங்காரப் பாடல்களே அதிகம். அவற்றில் நாயகியும் தோழியும் வீட்டுத் தெலுங்கில் பேசுகிறார்கள். குத்தலும் செல்லமும் ஒரே மூச்சில் வருகின்றன.

ஸ்ரீரங்கத்துப் பங்குனி உத்திரத்தில் மட்டையடி என்னும் ஊடல் விழாவில் இதே வழக்கு முழு விசாரணையாகிறது. உறையூர் கமலவல்லியிடம் போய்வந்த நம்பெருமாளுக்குத் தாயார் கதவடைக்கிறார். கலைந்த கோலத்துக்கெல்லாம் பெருமாள் காரணம் சொல்கிறார். கடலில் மூழ்குகிறேன், பாம்புக் குடத்தில் கை விடுகிறேன் என்று சத்தியத்துக்கும் தயாராகிறார். கடலிலும் பாம்பின் மேலும் படுப்பவருக்கு இதெல்லாம் ஒரு சத்தியமா என்று தாயார் மடக்குகிறார். கடைசியில் நம்மாழ்வார் வந்து சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.

திரையில் மாறிய கை

கே. ராகவேந்திர ராவ் 1997இல் 'அன்னமய்யா' படத்தை எடுத்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் இதே இயக்குநர், சித்தூர் மாவட்டத்துக்காரரான மோகன்பாபுவை வைத்து 'அல்லரி மொகுடு' எடுத்திருந்தார். அதுதான் 1994இல் ரஜினிகாந்தின் 'வீரா' ஆனது. ஒருவன் இரண்டு பேராக நடித்து இரண்டு மனைவியரைச் சமாளிக்கிறான். மாட்டிக்கொள்வானா என்ற பதற்றமே சிரிப்பு. 1995இல் தமிழில் வந்த 'தாய்க்குலமே தாய்க்குலமே' மறுவருடம் தெலுங்கில் 'இன்ட்லோ இல்லாலு வன்டின்ட்லோ பிரியுராலு' ஆனது. அதுவும் இதே வழி. 'பஞ்சதந்திரம்' (2002) வசன விளையாட்டில் உச்சம் தொட்டாலும், நாம் ஒட்டிக்கொண்டு ஓடுவது கணவன்மார்களோடுதான். இவற்றில் மனைவி ஒரு கடிகாரம் போல. அவள் வரும் நேரத்துக்குள் பொய்யை முடித்தாக வேண்டும்.

பாலு மகேந்திராவின் 'சதிலீலாவதி' (1995) விதிவிலக்கு. கணவன் நடத்தும் இரட்டை வாழ்க்கை தெரிந்ததும், கல்பனா நடித்த லீலாவதி பிள்ளைகளை அவன் காதலியின் வீட்டிலேயே விட்டுவிடுகிறாள். குடும்பப் பொறுப்பு வீடு தேடிப் போனதும் புதுக் காதல் ஆட்டம் காண்கிறது. அங்கே கதையை நகர்த்துபவள் மனைவி. சிரிப்பும் அவள் பக்கம்.

பழைய மரபுக்கும் குறை உண்டு. கதவு கடைசியில் திறந்தே ஆக வேண்டும். தலைவியின் கோபத்துக்கு ஓர் அளவு விதிக்கப்பட்டிருந்தது. இன்றைய பெண் கதவைத் திறக்காமலேயும் இருக்கலாம், சட்டமும் சம்பளமும் அவளுக்கு அந்த வழியைத் தந்திருக்கின்றன. ஆகவே இப்போது எழுதுபவருக்குக் கிடைத்திருக்கும் களம் மருதத்துப் புலவர்களுக்குக் கிடைத்ததைவிடப் பெரியது: சமாதானம் நிச்சயமில்லாத ஊடல். அதை எழுத, ஏமாற்றுபவனின் சாமர்த்தியத்தை ரசிப்பதை விட்டுவிட்டு, தும்மலைக்கூட விசாரிக்கும் அந்தக் கூர்மையை அவளுக்குத் திருப்பித் தர வேண்டும்.