மெருகுக்கு முந்தைய வேலை

பாலிஷ் போட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்பவர் பாலிஷ் போட்டுப் பார்க்காதவர். பெயின்ட்தான் மறைக்கும், பாலிஷ் காட்டிக்கொடுத்துவிடும். 80-ஆம் எண் உப்புத்தாள் கிழித்த கோடு, இடையில் உள்ளவற்றை விட்டு 220-க்குத் தாவினால் அப்படியே தங்கி, முதல் பூச்சிலேயே எழுந்து நிற்கும். ரேகைக்குக் குறுக்கே தேய்த்த கோடு இன்னும் மோசம். தேர்ந்த கைகள் 80, 120, 180, 220 என்று படிப்படியாகத்தான் போகும். கடைசிச் சுற்றுக்கு முன் பலகையை ஈரத்துணியால் துடைத்து, சிலிர்த்தெழும் நாரைக் காயவிட்டு, அதையும் தேய்த்தெடுப்பார்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எஞ்சிய கோடுகள் தெரியும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான பின்னும் முகக்கவசம் இல்லாமல் தேய்ப்பவரைத் தேர்ந்தவர் என்று நான் சொல்லமாட்டேன்.

உப்புத்தாளை அதிகம் நாடாத மரபும் உண்டு. ஜப்பானியத் தச்சர்கள், தம் பக்கமாக இழுக்கும் இழைப்புளியின் கூரிய அலகிலேயே மினுமினுப்பைக் கொண்டுவந்துவிடுவார்கள்.

நமக்குப் பக்கத்தில், கர்நாடகத்தின் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் வேறொரு வழி. வெப்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு நிறமேற்றிய அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படியும். சன்னபட்டணாவில் அதன்மேல் காய்ந்த தாழை மடலைத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தூரிகை வேண்டாம், பூச்சு காயக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் சுழலக்கூடிய பொருளுக்கு மட்டுமே இது ஆகும்.

மேசைக்கு வந்தால் அதே அரக்கு வேறு உருவெடுக்கிறது. ஷெல்லாக் எனப்படும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சில் ஊறவைத்து, வட்டமாகவும் எட்டு வடிவிலும் தேய்த்து ஏற்றுவது பிரெஞ்சு பாலிஷ். ஒரு பூச்சு கண்ணுக்கே தெரியாது. நாள் கணக்கில் ஏற்ற வேண்டும். கை ஓரிடத்தில் நின்றுவிட்டால் அடிப்பூச்சு கரைந்து பெயர்ந்துவிடும். பஞ்சு வழுக்கி ஓட இட்ட சொட்டு எண்ணெயைக் கடைசியில் ஸ்பிரிட்டாலேயே எடுத்துவிட வேண்டும். ஐரோப்பிய அறைகலன்களில் 19-ஆம் நூற்றாண்டில் இது கோலோச்சியது. அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்தே போனது. ராஞ்சியில் அரக்குக்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கிய 1920-களில்தான், தெளித்துப் பூசும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் வந்து அரக்கின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது!

இப்போது மெலமைன் பூச்சும், பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் பூச்சும். சூடான காபி டம்ளர் வைத்தால் அரக்கில் வெள்ளை வளையம் விழும்; பி.யு. எளிதில் அசையாது. சாப்பாட்டு மேசைக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முகம் பார்க்கும் பளபளப்பை வைத்துத் தரத்தை அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பழுது பார்க்க இடம் தருகிறதா என்று கேட்க வேண்டும். கீறல் விழுந்த அரக்குப் பூச்சின்மேல் புதுப்பூச்சு ஏற்றினால், அதிலுள்ள ஸ்பிரிட் பழையதைக் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட தடம் தெரியாது. பி.யு. படலம் அப்படிச் சேராது. உரிந்தால் பெரும்பாலும் பலகை முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டும். வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டிய பலகையானால் அந்தத் தேய்ப்பில் வெனீரே போய்விடலாம்.