சிலிண்டர் இல்லாத வீடும் 501-வது யூனிட்டும்

கேஸ் இணைப்பே எடுக்காமல், கரண்ட்டை மட்டும் நம்பிச் சென்னையில் நான்கு பேர் குடித்தனம் நடத்த முடியுமா? முடிகிறது. கட்டுப்படியாகிறதா என்று கேட்டால், உங்கள் வீட்டில் ஏசி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

எங்கள் சமையல்கட்டில் இருப்பவை 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் ஸ்டவ், ரைஸ் குக்கர், கெட்டில். ஸ்டவ் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற ரகம். இந்த விலையில் எந்த கம்பெனியுடையதை எடுத்தாலும் உள்ளே இருக்கிற காயிலும் விசிறியும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘தோசை’, ‘கறி’, ‘பால்’ என்று அச்சடித்த பொத்தான்களை மறந்துவிடலாம். வாட்ஸைக் கூட்டிக் குறைக்கிற ப்ளஸ், மைனஸ் இரண்டும் போதும்.

வேகத்தில் குறை சொல்ல இடமில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் மூன்று நிமிஷம் சொச்சத்தில் கொதித்துவிடுகிறது. பிளக்கில் செருகும் சின்ன மீட்டரில் பார்த்தால் அதற்கு ஆன செலவு சுமார் 0.1 யூனிட். கேஸ் அடுப்பில் சூட்டில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடும். இதில் பாத்திரத்தின் அடியே சூடாகிறது. மே மாதத்து மத்தியானம் முந்தானையால் முகத்தைத் துடைக்காமல் சாம்பார் கொதிக்கவைக்க முடிகிறதே, அதை எந்த பில்லிலும் கணக்குக் காட்ட முடியாது.

தோசையில்தான் வம்பு. இரும்புக் கல் தாராளமாக வேலை செய்யும். ஆனால் ஸ்டவ்வின் காயில் கல்லைவிடச் சின்னது. நடு முறுகிச் சிவந்திருக்கும்போது ஓரம் வெள்ளையாகவே கிடக்கும். கல்லை நகர்த்தி நகர்த்திச் சுட வேண்டும். அல்லது ஊத்தப்ப அளவுக்குச் சிறிதாக வார்த்துக்கொள்ள வேண்டும். சிறு தீயும் இதற்குச் சரியாக வராது. 300 வாட்ஸ் என்று வைத்தால் அது நிதானமாக எரிவதில்லை. சில விநாடி முழு வேகம், சில விநாடி ஓய்வு என்று மாறிமாறி அடிக்கிறது. தாளிக்கும்போது கடுகு பொரிவதற்குள் பெருங்காயம் கருகுவது இதனால்தான். அப்பளம் சுடுவது, கத்தரிக்காயை நெருப்பில் வாட்டித் துவையல் அரைப்பது எல்லாம் போயே போச்சு. ஈயச்சொம்பு ரசத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பாத்திரச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அலுமினியக் குக்கர், பித்தளை, மண்சட்டி எதுவும் ஆகாது. அடியில் காந்தம் ஒட்டினால் மட்டும் வேலை செய்யும். எவர்சில்வரிலேயே பல பாத்திரங்களில் காந்தம் ஒட்டுவதில்லை. இரண்டு குக்கர், ஒரு தட்டையடி வாணலி, ஒரு கடாய் வாங்கினாலே ஸ்டவ் விலையைத் தாண்டிவிடும். பிளக் பாயிண்டையும் பாருங்கள். முழு வேகத்தில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கிற சாதனத்தை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் அது இளகிக் கருகும். 16 ஆம்பியர் பவர் பிளக் கட்டாயம் வேண்டும்.

இனி பணம். 14.2 கிலோ சிலிண்டரில் அடைந்திருக்கும் சூட்டை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 180 யூனிட். கேஸ் அடுப்பில் வீணாவதையும் இண்டக்‌ஷனில் வீணாவதையும் கழித்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் சமையலை சுமார் 130 யூனிட்டில் முடிக்கலாம். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியபோது சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அந்த விலையை 130-ஆல் வகுத்தால் 6 ரூபாய் 70 காசு வருகிறது. யூனிட் இதற்குக் கீழே கிடைத்தால் கரண்ட் லாபம், மேலே போனால் கேஸ் லாபம். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் நம் ஈபியில் யூனிட்டுக்கு ஒரே விலை கிடையாது. 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4 ரூபாய் 70 காசு, 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய் 40 காசு, 600-க்கு மேல் 9 ரூபாய் 45 காசு. இதில் ஒரு கொக்கி உண்டு. 501-வது யூனிட் விழுந்த நிமிஷம், 101 முதல் 200 வரையிலான மலிவு விலையும் பறிபோய் அதற்கும் 4 ரூபாய் 70 காசு போடுவார்கள். அந்த ஒரே யூனிட்டால், அதன் விலை போக, பில்லில் 235 ரூபாய் ஏறும்.

சமையல் தவிர 300 யூனிட் ஆகிற வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று வேளைச் சமையலுக்கு இரண்டு மாதத்தில் 180 யூனிட் சேர்த்தால் 480. கூடுதல் செலவு 974 ரூபாய். இதே சமையலை கேஸில் செய்தால் 1,200 ரூபாய் ஆகியிருக்கும். இருநூறு சொச்சம் மிச்சம். கேஸ் இணைப்புக்குக் கட்டும் 2,200 ரூபாய் டெபாசிட்டும் கையில் நிற்கிறது. அதே வீட்டில் ஏப்ரல், மே மாதம் ஏசி ஓடி, சமையலுக்கு முன்பே 450 யூனிட்டில் நிற்கிறது என்றால்? அதே 180 யூனிட்டுக்கு இப்போது 1,670 ரூபாய். கேஸைவிட 470 ரூபாய் அதிகம். ஸ்டவ்வும் அதேதான், சாம்பாரும் அதேதான். ஈபிக்காரர் மாதாமாதம் ரீடிங் எடுத்தாலும் இது தீராது, ஸ்லாபும் பாதியாகிவிடும். கடும் வெயில் மாதத்தின் சுமை சாதாரண மாதத்தோடு கலக்காது என்பதில்தான் வித்தியாசம் வரும்.

வெந்நீருக்குப் பயப்பட வேண்டாம். சென்னைத் தண்ணீருக்கு ஒரு வாளியை வெதுவெதுப்பாக்க 0.3 யூனிட் போதும், அதுவும் மார்கழி, தை மாதங்களில்தான். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் இந்தக் கட்டுரையை நம்பி கீஸர் வாங்கிவிட வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் தனி மீட்டர் உள்ளவர்களுக்குத்தான். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வசூலிக்கிற வீட்டு ஓனரிடம் மாட்டிக்கொண்டவருக்கு முதல் யூனிட்டிலிருந்தே நஷ்டம். கரண்ட் அடுப்பை அதிகம் நாடுவதும் வாடகை வீட்டு பேச்சிலர்கள்தான் என்பது எரிச்சலூட்டும் விஷயம்.

கடைசியாக மின்தடை. பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்துவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எட்டரைக்குள் சமையலை முடித்துவிடலாம். மாலையில் வோல்டேஜ் இறங்கினால் ஸ்டவ் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. வீட்டு இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான், இந்த ஸ்டவ்வைத் தூக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு வாரம் வந்தால் பால் காய்ச்சக்கூட வழியிருக்காது. அதனால் 5 கிலோ சின்ன சிலிண்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கு முகவரிச் சான்று கேட்பதில்லை. அடையாள அட்டை போதும். கிலோவுக்கு விலை கூடுதல்தான். தோசையும் இப்போது அதில்தான் சுடுகிறோம்.