சாடோத் தீவு காத்த கூத்து மரபுகள்

ஜப்பானின் நீகாட்டா கரைக்கு எதிரே கடலுக்குள் கிடக்கிறது சாடோ. பரப்பு 855 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டி. இத்தனை சிறிய தீவில் ஒருகாலத்தில் 200க்கும் மேற்பட்ட நோ நாடக மேடைகள் இருந்தன. இன்றும் 30க்கு மேல் நிற்கின்றன, பெரும்பாலும் ஊர்க்கோயில் வளாகங்களில்.

சாடோவின் அரங்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஸெயாமியின் பெயரைச் சொல்வார்கள். நோ கலைக்கு இலக்கணம் வகுத்த அந்த மேதையை, அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகன் அஷிகாகா யொஷினொரி 1434இல் இங்கே நாடுகடத்தினார். எழுபதைக் கடந்த வயதில், 1436இல், தீவைப் பற்றி ‘கிந்தோஷோ’ என்ற பாடல் தொகுதியை அவர் எழுதினார். ஆனால் தீவின் நோ மரபுக்கு அவரை மூலவராக்குவது பொருந்தாது. அது வேரூன்றியது ஏறத்தாழ 170 ஆண்டுகள் கழித்து, தங்கத்தின் கூடவே. தீவின் அயிகாவா தங்கச் சுரங்கத்தை நிர்வகிக்க டோகுகாவா அரசு அனுப்பிய ஓகுபோ நகயாசு, கூத்துக் குடும்பத்தில் பிறந்தவர். வரும்போதே கலைஞர்களையும் அழைத்து வந்தார்.

மற்ற நிலப்பகுதிகளில் நோ, சாமுராய்களின் அரண்மனைச் சடங்காக இருந்தது. சாடோவோ ஷோகனின் நேரடி ஆட்சியில் இருந்த மண். சாமுராய்கள் மிகக் குறைவு. அதனால் கலை உழவர், மீனவர் கைக்கு வந்தது. சாமிக்குச் செய்யும் நேர்த்தியாக ஊரார் தாங்களே பாடினார்கள், ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் சோறும் சாராயமும் கொண்டுவந்து புல்தரையில் குடும்பத்தோடு அமர்ந்தார்கள். தொழில்முறைக் கலைஞரின் நுணுக்கத்தை அளவுகோலாக்கி இந்த ஆட்டத்தை மட்டம் தட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. பாட்டு தெரிந்த கூட்டத்தின் முன்னே பாடுவது எளிதல்ல. பிசகினால் கண்டுபிடிக்கும் காதுகள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கின்றன.

நோவின் முதன்மை நடிகர் மரபுகள் ஐந்தில் சாடோவில் ஓங்கியது ஹோஷோ. பாட்டின் கனத்துக்குப் பெயர்பெற்ற மரபு இது. ஹொன்மா குடும்பம் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வந்திருக்கிறது. மேடைகளில் நான் முதலில் சொல்வது தைஸென் கோயில் மேடையை. 1846இல் எழுந்தது, கூரை வேய்ந்தது. நோ மேடையின் பின்பலகையில் பைன் மரம் தீட்டுவது எங்கும் உள்ள விதி. இங்கே பைனோடு சூரியனையும் தீட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னே தீப்பந்த வெளிச்சத்தில் முகமூடி அணிந்த உருவம் மெல்லத் திரும்பும்போது, ஆடுகிறவர் காலையில் வயலில் நின்றவர் என்பது நினைவுக்கே வராது.

நோவுக்கு இடையே வரும் நகைக்கூத்து கியோகென். அதன் மூன்று மரபுகளில் ஒகுராவும் இஸுமியும் இன்றும் தலைநகரில் செழிக்கின்றன. சகி மரபு, சாமுராய் ஆட்சி போனபின் ஆதரவிழந்து அங்கே அற்றுப்போனது. சாடோ, யமகுச்சி போன்ற சில இடங்களின் ஊர்க்காரர்களிடம் மட்டும் அது உயிரோடு இருக்கிறது.

பாவைக்கூத்திலும் இதே கதைதான். ஒசாகாவில் 17ஆம் நூற்றாண்டில் ஒகமோட்டோ புன்யா உருவாக்கிய பாட்டுமுறை, அழுகை தோய்ந்த இழைப்புக்குப் பேர்போனது. பிறந்த ஊரில் அது மங்கிவிட்டது; சாடோவில் பார்வையற்ற பாடகர்கள் அதைக் காத்தார்கள். 1870 அளவில் அந்தப் பாட்டோடு பாவையாட்டம் சேர்ந்தது. புன்யா பாவை பிறந்தது. ஒரு பாவைக்கு ஒரே ஆள். பாட்டின் விம்மலுக்கு ஏற்பத் தலையும் தோளும் தளர வேண்டும், அதுதான் தேர்ச்சி. அதற்கு முந்தியது செக்கியோ பாவை, பழைய பக்திக் கதைப்பாட்டின் வழிவந்தது. இவ்விரண்டோடு நொரோமா பாவையையும் சேர்த்து 1977இல் ஜப்பான் அரசு முக்கிய நாட்டார் கலைச் செல்வமாக அறிவித்தது.

இந்த மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது நொரோமா. செக்கியோ ஆட்டத்தின் இடைவேளையில் நுழையும் கேலிக்கூத்து. பேச்சு முழுக்கத் தீவின் கொச்சை. நாயகன் கினோசுகே வெள்ளந்தி, யாரும் ஏமாற்றிவிடலாம். கடைசியில் அம்மணமாகி, முன்வரிசைக்காரர்கள் மேல் மூத்திரம் பெய்வான். உண்மையிலேயே தண்ணீர் பீய்ச்சும். அழகியல் நூல்கள் இதற்கு இடம் தரத் தயங்குகின்றன. தீவின் மேடையோ பக்திக் கதைக்கு நடுவிலேயே அவனுக்கு இடம் கொடுத்தது.